செலீனியமும் சிறுநீரகமும்

செலீனியம் உடலுக்கு அணுவளவே வேண்டப்படுவதும், அவ்வளவு குறையினும் மிகினும் கேடு பயப்பதுமான ஒரு தாதுப்பொருள். சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பெர்சீலியஸ் 1817-இல் கண்டறிந்த இம்மூலகம் நெடுங்காலம் விஷமென்றே கருதப்பட்டு வந்தது. அவ்விஷமே வேறு விஷங்களுக்கு மாற்றாகும் என்பதை, லக்னோ மத்திய மருந்தாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கர், தாஸ், முகர்ஜி என்போர் 1960-இல் கட்மியம் என்னும் நச்சு உலோகம் செலுத்தப்பட்ட எலிகளின் விரைகளைக் கொண்டு காட்டினர். 1967-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பாரிசெக், ஒஸ்டாடலோவா ஆகிய இருவரும், சிறுநீரகத்தைச் சிதைக்கும் பாதரச உப்பிலிருந்து செலினைற்று என்னும் செலீனிய உப்பு சிறிதளவு எலிகளைக் காப்பதை நிறுவினர்.

உணவின் வழியே புகும் கட்மியம், கல்லீரலில் மெட்டலோதயோனீன் என்னும் புரதத்தோடு பிணைந்து, இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தை அடைந்து, அங்குள்ள நுண்குழல்களின் உயிரணுக்களிற் குடிகொள்கிறது. அதிற் பாதி கழிவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் செல்லும். அது தூண்டிவிடும் ஒட்சியேற்றச் சிதைவைத் தணிக்கும் குளுத்ததயோன் பெரொட்சிடேசு என்னும் நொதியம் செலீனியமின்றி இயங்காது என்பது 1973-இல் தெளிவாயிற்று. அன்றியும், செலீனியம் பாதரசத்தோடும் கட்மியத்தோடும் நேரே கூடி, எளிதில் வினைபுரியாத சேர்மங்களாக அவற்றை அடக்கிவிடுவதும் உண்டு.

இவ்விஷயம் இலங்கையிற் கவனம் பெற்றது, வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே 1990-களிலிருந்து பரவிய, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயினால். உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, நோயாளரின் சிறுநீரிற் கட்மியம் மிகுந்திருந்ததையும், அவர்களுள் 63 சதவீதத்தினரின் குருதி நீரத்தில் செலீனியம் லீற்றருக்கு 90 மைக்கிரோகிராமுக்குக் குறைந்திருந்ததையும் எடுத்துரைத்தது. இலங்கை நெல்லிற் செலீனியம் சொற்பமென்பதை 2000-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு முன்னரே சுட்டியிருந்தது. ஆயினும் கட்மியமே காரணமென்பதை ஏற்காதோர் பலர். குடிநீரின் கடினமும் புளோரைட்டும், வெயிலில் உழைப்போர் உடல் நீர் வற்றுதலும், விவசாய இரசாயனங்களும் இன்றும் விவாதத்திலுள்ளன. செலீனியக் குறைவு நோய்க்குத் துணைநின்றதா, நோயின் விளைவாகவே நேர்ந்ததா என்பதை ஒரு தடவை எடுத்த அளவீடு தீர்மானிக்க மாட்டாது.

நோய் பரவிய அம்மாகாணத்துப் பொலன்னறுவையின் அரிசி கொழும்பிலும் உண்ணப்படுகிறது. ஆனால் அந்நகரின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சோற்றோடு சூரை மீனும், நெத்தலிக் கருவாடும், மாசி இடித்த சம்பலும் சேர்கின்றன. இவை யாவும் செலீனியம் செறிந்த கடலுணவுகள். சூரை முதலிய பெரிய மீன்களிற் பாதரசமும் உண்டெனினும், பெரும்பாலும் அதனை விஞ்சும் அளவிற் செலீனியம் அவற்றில் அமைந்திருக்கும். சுறாவினங்கள் சில இதற்கு விலக்கு. கொழும்பை அந்நோயினின்று காத்தது மீனே என்று சொல்ல மனம் விரையும். ஆயினும், நீரும் தொழிலும் வெப்பமும் வேறுபடும் இரு பிரதேசங்களை உணவொன்றினால் ஒப்பிடுவது விஞ்ஞானமாகாது.

வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 55 மைக்கிரோகிராம் போதுமென்பதும், 400-ஐத் தாண்டலாகாதென்பதும் அமெரிக்க நியமம். மிகுந்தால் மயிரும் நகமும் உதிரும். மூச்சில் உள்ளிப்பூண்டு நாற்றம் வீசும். பழுதுற்ற சிறுநீரகத்தை இத்தாது மீட்குமென்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆதலின் நோயாளர் வைத்தியரைக் கேளாது செலீனியக் குளிகைகளை வாங்கி விழுங்குதல் தகாது.