பேராக்கின் முதல் தந்திக் கம்பி: 1874 என்னும் ஆண்டு குறித்து

மலேசியத் தொலைத்தொடர்பின் காலவரிசைகளில் வழக்கமாக முதல் வரியில் நிற்பது 1874. கோலா கங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் இல்லத்தையும் தைப்பிங்கில் துணை ரெசிடெண்டின் இல்லத்தையும் இணைத்த தந்திக் கம்பிதான் இந்நாட்டு வலையமைப்பின் தொடக்கம் என்பது அந்த வரியின் சாரம். துறைசார் வரலாறுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று இதை எடுத்தெழுதி வருகின்றன. அதில் ஆண்டும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பேராக்கில் ரெசிடெண்ட் பதவிக்கு வழிவகுத்த பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது 1874 ஜனவரி 20இல். முதல் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் பேராக்குக்கு வந்தது நவம்பரில். அவர் இருக்கை கொண்டது கோலா கங்சாரில் அல்ல, பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியில், பண்டார் பாருவில். 1875 நவம்பர் 2இல் பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார். அதையடுத்த படையெடுப்புக்குப் பிறகே ரெசிடெண்டின் இருக்கை கோலா கங்சாருக்குப் போனது. ஆக, 1874இல் கம்பியின் முனையைக் கட்டுவதற்கு அங்கே ரெசிடெண்டின் வீடே இல்லை.

மறுமுனையும் நிலையாக இல்லை. சில பாடங்களில் தைப்பிங், சிலவற்றில் மாத்தாங். தந்தி என்பதற்குப் பதில் தொலைபேசி என்றே எழுதிவிட்ட பாடமும் உண்டு. பெல்லின் காப்புரிமையோ 1876 மார்ச்சில்தான் பதிவாகிறது! உடன்படிக்கையின் ஆண்டு கம்பியின் மேல் ஏறிக்கொண்டது என்றே கருதுகிறேன். மாத்தாங்கைச் சொல்லும் பாடம் 1876 என்கிறது, அதுவே வலுவானது. மாத்தாங்தான் லாருட் மாவட்டத்து ஈயம் கடலுக்குப் போன வழி; அங்கிருந்து கடல்வழியே பினாங்கு. போர் ஓய்ந்த கையோடு உள்நாட்டிலிருந்து கடற்கரைக்குச் செய்தி போக வேண்டிய தேவை வெளிப்படை. ஆனாலும் 1874 தவறு என்று சொல்லும் உறுதியோடு 1876 சரி என்று சொல்ல முடியாது. 1876க்கும் 1877க்கும் இடையே என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டு அதிகாரிகளின் வீடுகளுக்கிடையே வலையமைப்பு பிறந்ததாகக் காட்டும் வாசிப்பு இன்னொன்றையும் மறைக்கிறது. 1870-71இலேயே சென்னை-பினாங்கு-சிங்கப்பூர் கடலடிக் கம்பி இடப்பட்டுவிட்டது. அதன் செம்புக்கு உறை கட்டாபெர்ச்சா, அதாவது கெத்தா தாபான் மரத்தின் பால். காட்டு மக்கள் மரத்தை வெட்டிச் சாய்த்து, அடிமரத்தில் வளையம் வளையமாகக் கீறி, வடிந்து உறையும் பாலைச் சேர்த்தார்கள். வெந்நீரில் இளகும், கடலடிக் குளிரில் ஆண்டுக்கணக்கில் கெடாது. பேராக் அருங்காட்சியகத்தின் லெனர்ட் ரே 1880களில் இம்மரவகைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். எந்தக் கம்பியில் எந்தக் காட்டுப் பால் என்று பிரிக்க வழியில்லை. சிங்கப்பூர்ச் சந்தையில் எல்லாம் கலந்துவிடும். இன்னொரு பால்மரமான ரப்பரின் கன்றுகள், கோலா கங்சாரில் 1877இல் நட்டவை, பிற்பாடு நம் தமிழர்களை எந்தத் தோட்டங்களில் கொண்டுவந்து சேர்த்தன என்பது தெரிந்த கதை. அந்தத் தோட்டங்களுக்குத் தொலைபேசி வந்தபோது அது துரை பங்களாவோடும் ஆபீசோடும் நின்றது; தொழிலாளர் லயத்துக்கு அவசரச் செய்தி எழுத்தரான கிராணி மூலம்தான்.

உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கான அந்தத் தடத்தின் தொடர்ச்சி இன்னும் தெளிவு. 1885 ஜூன் 1இல் திறந்த தைப்பிங்-போர்ட் வெல்ட் ரயில்பாதையை அமைத்தது சிலோன் பயனியர் படைப்பிரிவு. பின்னர் ரயில்வேயிலும் தபால்-தந்தியிலும் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள் நிறைந்தார்கள். 1992இல் தொடங்கிய ஃபைபர்ரெயில் நிறுவனம் கண்ணாடியிழையைப் புதைத்தது நாட்டின் ரயில்பாதைகளின் ஓரத்தில்தான்.  அந்தப் படைப்பிரிவையும் குமாஸ்தாக்களையும் கொண்டு முதல் தந்திக் கம்பத்தை நட்டதும் தமிழர் கைதான் என்று சொல்லிவிட ஆசை எழும். 1885க்கு உள்ள சான்றை 1876க்கு நீட்டுவதாகும் அது; உடன்படிக்கையின் ஆண்டைக் கம்பிக்குக் கொடுத்தவர்கள் செய்ததும் அதுவேதான்.