நாலு சக்கர இழுவையும் நாலாவது சக்கரமும்

ஃபோர் வீல் டிரைவ் என்றால் நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேரே அப்படித்தானே இருக்கு! ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிற தார்ச்சாலையை விட்டு, ஏதாவது ஒரு மண் தடத்தில் மழைக்காலத்தில் வண்டியை இறக்கிப் பாருங்கள். பழைய ஜீப்பில் நாலு சக்கர இழுவையைப் போட்ட பிறகும், முன்னால் ஒன்று, பின்னால் எதிர்மூலையில் ஒன்று என்று இரண்டு சக்கரம் மட்டும் சும்மா சுற்றும். கெட்டித் தரையில் நிற்கிற மற்ற இரண்டும் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இதற்குக் காரணம் டிஃபரன்ஷியல். இதற்கு உலகம் இரண்டு வைத்தியம் கண்டுபிடித்தது. ஒன்று லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (சுருக்கமாக எல்.எஸ்.டி.). இன்னொன்று டிராக்‌ஷன் கண்ட்ரோல். எது உசத்தி என்று வண்டிப் பைத்தியங்கள் ராத்திரி பூரா சண்டை போடுவார்கள். எனக்கு அதைவிட, எது எப்படி ஜெயித்தது, யாருக்காக ஜெயித்தது என்பதுதான் சுவாரசியம்.

முதலில் நோயைப் பார்ப்போம். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்சக்கரம் குறைவாக ஓடணும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் டயர் தேய்ந்து, திரும்பவே அடம்பிடிக்கும். 1827-ல் பிரான்சில் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக இதைத் தீர்த்தார். அவருடைய டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்தையும் தனித்தனி வேகத்தில் ஓட விட்டது. ஆனால் ஒரு சிக்கல் கூடவே வந்தது. சாதா டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் இருந்தால், அந்தச் சேறு தாங்குகிற அளவுதான் கெட்டித் தரையில் நிற்கிற சக்கரத்துக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இரண்டுக்குமே கிட்டத்தட்ட பூஜ்யம். சமதர்மம்தான், ஆனா வண்டி நகராது :)

முதல் வைத்தியம் ரேஸ் டிராக்கில் பிறந்தது. 1930-களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் ரேஸ் காருக்கு அசுர சக்தி, ஒரு பின்சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. 1935-ல் இசட்.எஃப். நிறுவனத்திடம் சொல்லி ஒரு எல்.எஸ்.டி. செய்ய வைத்தார். 1956-ல் அமெரிக்காவின் பேக்கார்ட் அதை சாதாரணக் கார்களுக்குக் கொண்டுவந்தது. தத்துவம் எளிது. டிஃபரன்ஷியலுக்குள் சில கிளட்ச் தட்டுகள் இருக்கும். ஒரு சக்கரம் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தால் தட்டுகள் உரசி அதை இழுத்துப் பிடிக்கும். மிச்ச சக்தி அடுத்த சக்கரத்துக்குப் போகும். நம்ம சத்தமில்லாத வேலைக்காரர். ஆனால் தட்டு தேயும், அதற்கென்று தனி எண்ணெய் கேட்கும்.

தட்டே இல்லாமல் பல்சக்கரங்களால் மட்டும் இதைச் செய்தது டார்சன். 1958-ல் வெர்னன் கிளீஸ்மன் காப்புரிமை வாங்கியது. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டியில் இதுதான். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. சேற்றுச் சக்கரத்தில் இருக்கிற பிடிமானத்தை இது பெருக்கி மறுபக்கம் கொடுக்கும். சக்கரம் அந்தரத்தில் இருந்தால் பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? அதனால் ஹம்வீ ஓட்டுநருக்கு ஒரு பாடம் சொல்லித்தருவார்கள்: ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்போதே பிரேக்கையும் லேசாக அழுத்து. தொங்குகிற சக்கரத்துக்கு ஒரு பொய்ப் பிடிமானம் கிடைக்கும், எதிர்ச்சக்கரம் இழுக்க ஆரம்பிக்கும்.

இரண்டாவது வைத்தியத்தின் விதை இந்தப் பொய்ப் பிடிமானத்தில்தான் இருக்கிறது. இதை ராணுவத்துக்குப் போய்த்தான் கற்கணும் என்றில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு லோடு இழுக்கிற டிராக்டர்காரரைக் கேளுங்கள். டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலது பின்சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் மிதி. வயலில் ஒரு சக்கரம் வழுக்கினால் அந்தப் பக்கத்து மிதியை லேசாகத் தொடுவார், மறுபக்கம் இழுக்கும். அதற்கும் மசியாவிட்டால் டிஃபரன்ஷியல் லாக் மிதி ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் இரண்டு சக்கரமும் ஒரே தண்டாகிவிடும். ஆக, பின்னால் காரில் லட்சக்கணக்கில் விலை சொல்லி விற்ற இரண்டு வைத்தியமும் நம்ம ஊர் டிராக்டர்காரரின் காலடியிலேயே இருந்தது!

ஆனால் மலை ஏறிய ஜீப்புக்கு இந்த வசதி இல்லை. 1940-களின் கடைசியில் மஹிந்திரா நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோர்க்க ஆரம்பித்தது. அந்த வகை ஜீப்பில் கைபிரேக் சக்கரத்தில் கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தண்டைப் பிடிக்கும். அதனால் கைபிரேக்கை இழுத்து ஏமாற்றலாம் என்றாலும் வேலைக்கு ஆகாது. கல் போடு, தழை போடு, நாலு பேர் இறங்கித் தள்ளு... அவ்ளோதான். 1985-ல் வந்த மாருதி ஜிப்சிக்கும் இதே கதைதான்.

எலெக்ட்ரானிக் வைத்தியம் வேறு வழியில் வந்தது. 1971-லேயே ப்யூக் நிறுவனம் பின்சக்கரம் வழுக்கினால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஒரு கருவியைப் போட்டுப் பார்த்தது. நிஜமான திருப்பம் 1978-ல் போஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ். ஒவ்வொரு சக்கரத்திலும் வேகம் பார்க்கிற சென்சார், தனித்தனியாக பிரேக் பிடிக்கிற பம்ப். இவ்வளவும் வந்தபிறகு, சும்மா சுற்றுகிற சக்கரத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் பிடி என்று சொல்ல மென்பொருள் போதும். டிராக்டர்காரரின் கால் வேலையை கம்ப்யூட்டர் செய்தது.

1990-களின் தொடக்கத்தில் ரேஞ்ச் ரோவரில் இது வந்தது. 1998-ல் லேண்ட் ரோவர், டிஸ்கவரியின் இரண்டாம் தலைமுறையில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் லீவரையே எடுத்துவிட்டது, எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று. கடைசியில் 2004 மாடலில் லீவர் திரும்பி வந்தது! ஏன் என்று யோசித்தால் புரியும். பிரேக் வைத்தியம் சக்கரம் வழுக்கிய பிறகுதான் விழிக்கும். சக்தியை பிரேக்கில் சூடாக எரித்துத்தான் காரியம் சாதிக்கும். நீளமான சேற்று ஏற்றத்தில், முழு லோடோடு, பிரேக் கொதித்துவிட்டால் கொஞ்ச நேரம் கைவிட்டுவிடும். இன்னொன்று, சக்கரம் வழுக்கும்போது காலை எடுப்பதுதான் பழைய டிரைவர்களின் பழக்கம். இதற்கோ காலை எடுக்காமல் ஒரே சீராக அழுத்தணும்.

அதற்காக பூட்டும் டிஃபரன்ஷியல் மட்டும் தெய்வம் என்றும் சொல்லமுடியாது. சரிவில் குறுக்காகப் போகும்போது பூட்டிய அச்சின் இரண்டு சக்கரமும் ஒன்றாக வழுக்கினால், வண்டி பள்ளத்துப் பக்கம் நகரும். ஒரு சக்கரமாவது பிடித்துக்கொண்டிருந்தால் நல்லது என்கிற இடமும் மலையில் உண்டு.

சரி, இந்தியாவில் யார் ஜெயித்தார்கள்? சட்டம்தான்! 2019 ஏப்ரலில் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. ஏபிஎஸ் இல்லாத ஜிப்சி அந்த ஆண்டோடு பொதுச் சந்தையிலிருந்து போனது. அதன் வாரிசாக 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த ஜிம்னியில் இருப்பது 'பிரேக் எல்.எஸ்.டி.'. பேரில் எல்.எஸ்.டி. இருக்கு, வண்டிக்குள் அந்தத் தட்டுகள் கிடையாது, பிரேக் வேலைதான். 2020 அக்டோபரில் வந்த புது தாரில் பிரேக் வைத்தியமும், சில வகைகளில் பின் அச்சில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து இருந்தது. கூர்க்காவில் முன், பின் இரண்டையும் ஓட்டுநரே பூட்டலாம். மொத்தத்தில் பிரேக் வைத்தியம் பரவியதற்குக் காரணம் அது சிறந்தது என்பதல்ல. ஏபிஎஸ் எப்படியும் இருக்கணும், அதோடு ஒட்டிக்கொண்டு மலிவாக வந்துவிட்டது.

இப்போ மலைக்குத் திரும்புவோம். கல்வராயன்மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரமாகி கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்துத்தான் அரசின் நேரடி நிர்வாகம் அங்கே ஏறியது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ஆனால் உள்ளடங்கிய ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்தி அதன்பிறகும் வந்தது. 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. அதில் பேசப்பட்டவற்றுள் சாலையும் ஒன்று.

தாரும் ஜிம்னியும் சனி ஞாயிறு அருவி பார்க்க மேலே வருகின்றன, பெரும்பாலும் தார்ச்சாலையிலேயே. அந்த வண்டிகளின் கம்ப்யூட்டருக்கு அங்கே வேலையே இல்லை. மரவள்ளிக் கிழங்கையும் மனிதர்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு மண் தடத்தில் போகிறது பின்சக்கர இழுவை மட்டும் உள்ள சரக்கு வண்டி, அதே 1827 டிஃபரன்ஷியலோடு. பிரசவ வலியோடு ஒரு பெண் கீழே வரவேண்டியது அதில்தான்.

எல்.எஸ்.டி.யா டிராக்‌ஷன் கண்ட்ரோலா என்று கேட்டால், லோடு வண்டிக்கு என் ஓட்டு பூட்டும் டிஃபரன்ஷியலுக்கு. அதைவிட முதல் ஓட்டு, மழையில் கரையாத ஒரு சாலைக்கு. உங்கள் ஊர் மலைப்பக்கம் எந்த வண்டி ஓடுது, சேற்றில் சிக்கினால் டிரைவர் என்ன செய்வார்? சொல்லுங்க, தெரிஞ்சுக்கலாம்.