காட்டுத் தீயும் நம் அடிவாரக் காடுகளும்



கோடை வந்தால் மலையில் தீ என்ற செய்தியும் வந்துவிடுகிறது. தீ என்றாலே காட்டுக்குக் கேடு என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் வரலாற்றைப் பார்த்தால், எந்த மாதத்தில், எவ்வளவு உயரத்துக்கு எரிந்தது என்பதே காட்டின் கதியைத் தீர்மானித்திருக்கிறது.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மைசூர் போயிருப்பீர்கள். அந்த வழியில் வரும் சாமராஜநகருக்குக் கிழக்கே இருப்பது பிலிகிரிரங்கன் மலை. அதை ஒட்டிய கொள்ளேகால் தாலுகா 1956 வரை நம் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே வாழும் சோளகர்கள் தை, மாசி மாதங்களில், பனி ஈரம் முற்றும் காயுமுன் சருகுக்குத் தீ வைப்பார்கள். அது தரையோடு ஊர்ந்து, திட்டுத்திட்டாக எரிந்து அணைந்துவிடும். கருமருது, வேங்கை போன்ற மரங்கள் தடித்த பட்டையால் தப்பிக்கும். மழை பெய்ததும் புல் துளிர்க்கும். மானும் காட்டெருமையும் மேய வரும். நெல்லி மரங்களைப் பிடிக்கும் புல்லுருவியும் இந்தத் தீயால் மட்டுப்பட்டது என்பது அவர்கள் அனுபவம்.

ஆங்கிலேயர் மரத்தை வருமானமாகப் பார்த்தனர். இளங்கன்றுகள் கருகுவதைத் தடுக்க, 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. பிலிகிரிரங்கன் மலை 1974-இல் சரணாலயமானபின் சோளகர்களின் சருகுத் தீயும் நின்றது.

அதன்பின் என்ன ஆயிற்று? 19-ஆம் நூற்றாண்டில் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த உண்ணிச்செடி, மரங்களுக்கடியில் ஆள் உயரத்துக்குப் புதராக மண்டியது. புல் குறைந்தது. ஆண்டுதோறும் கொஞ்சமாகக் கழிய வேண்டிய சருகும் சுள்ளியும், கட்டாத கடனுக்கு வட்டி ஏறுவதுபோல் சேர்ந்தன. இப்போது பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு பொறி விழுந்தால், தீ புதரில் ஏறிக் கிளையைத் தொடுகிறது.

தீயை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி பெருகியது என்கிறார்கள் சோளகர்கள். அடிக்கடி கடுமையாக எரிந்தாலும் அது மீண்டும் துளிர்த்துப் பெருகும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காலமும் அளவும் தெரிந்தவர் கையில் தீ ஒரு கருவி. தெரியாதவர் கையில் அதுவே எமன்.

2011-இல் அங்குள்ள சோளகர்களுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை வழங்கப்பட்டது. தேன், நெல்லிக்காய் எடுக்கும் உரிமை தந்தவர்கள், காட்டைப் பராமரிப்பதிலும் அவர்களுடைய அறிவைக் கேட்பதுதான் நியாயம்.

நம் பங்குக்கு ஒன்று: கோடையில் மலைக்குப் போகும்போது பீடி, சிகரெட், அடுப்பு எதையும் பற்ற வைக்காதீர்கள். இன்றைய காடு அன்றைய காடு அல்ல, பற்றிக்கொள்ளக் காத்திருக்கிறது.