1911: தோற்றுத் திரும்பிய முதல் இந்திய அணி

1911ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்து சென்ற முதல் அனைத்திந்திய கிரிக்கெட் அணி மொத்தம் 23 ஆட்டங்கள் ஆடியது. 15இல் தோற்றது, 6இல் வென்றது, 2 ஆட்டங்கள் முடிவின்றிப் போயின. முதல்தர ஆட்டங்களை மட்டும் கணக்கிட்டால் நிலை இன்னும் மோசம். 14 ஆட்டங்களில் 10 தோல்வி, 2 வெற்றி. விளையாட்டு வரலாறுகள் இப்பயணத்தைப் பெரும்பாலும் இந்த எண்களோடு கடந்துவிடுகின்றன. அத்தோல்வியை யார் தோளில் சுமந்தார்கள் என்பதே இங்கு நமது வினா.

இந்தியரின் இங்கிலாந்துப் பயணம் அதுவே முதல் முறையன்று. 1886, 1888 ஆகிய ஆண்டுகளில் பம்பாய்ப் பார்சிகள் தம் அணியோடு சென்று வந்திருந்தனர். ஆனால் 'இந்தியா' என்ற பெயரில் ஓர் அணி புறப்பட்டது 1911இல்தான். அந்த 'இந்தியா' எது என்பதில் அன்று தெளிவு கிடையாது. அதே 1911இல்தான் சித்தூர் மாவட்டம் புதிதாக உருவாக்கப்பட்டது. அம்மையார்குப்பம் உள்ளிட்ட திருத்தணிப் பகுதி அதில் சேர்ந்து, 1960இல்தான் தமிழகத்திற்குத் திரும்பியது. ஒரு கிராமத்தார் எந்த மாவட்டத்தவர் என்பதையே எங்கோ எழுதப்பட்ட ஆணை முடிவு செய்த காலத்தில், ஒரு நாட்டுக்கான பதினொருவரைத் தேர்ந்தெடுப்பது எளிதாயிருந்திருக்க முடியாது.

தேர்வு சமய வாரியாக நடந்தது. பார்சிகளுக்கு இத்தனை, இந்துக்களுக்கு இத்தனை, முஸ்லிம்களுக்கு இத்தனை என இடங்கள் பங்கிடப்பட்டன. முன்னர் எடுக்கப்பட்ட முயற்சிகள் இப்பங்கீட்டுச் சச்சரவாலேயே குலைந்திருந்தன. இம்முறை செல்வந்தர்களும் சமஸ்தானத்தாரும் முன்னின்றனர். 1909இல் லண்டனில் மதன்லால் திங்ரா கர்சன் வைலியைச் சுட்டுக்கொன்ற பின்னணியில், பிரிட்டிஷாருக்கு விசுவாசமான இந்தியாவைக் காட்டும் தேவை அவர்களுக்கு இருந்தது. தலைமை 19 வயது பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்கு அளிக்கப்பட்டது. அணியில் பெங்களூர் பி. ஜெயராம், விக்கெட் காப்பாளர் கே. சேஷாச்சாரி ஆகிய தென்னகப் பெயர்களையும் காண்கிறோம்.

மகாராஜாவுக்கு அக்கோடையில் ஆடுகளத்தைவிட அரசவை முக்கியமாயிருந்தது. ஜூன் 22இல் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா. தலைவர் ஒரு சில ஆட்டங்களோடு விலகிக்கொண்டார். அணியின் சிறந்த மட்டையாளர் எனக் கருதப்பட்ட மிஸ்திரி, மகாராஜாவின் பணியில் இருந்தவர். ஆகையால் அவரும் பெரும்பாலான ஆட்டங்களுக்குக் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு இங்கிலாந்தில் அவ்வாண்டு வழக்கத்திற்கு மாறான வெயில். காய்ந்து இறுகிய களங்கள் சுழற்பந்துக்கு உதவவில்லை.

இந்நிலையில்தான் பல்வாங்கர் பாலு பந்து வீசினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருந்தது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். அப்பயணத்தில் அவர் எடுத்தவை 114 விக்கெட்டுகள். அவற்றில் 75 முதல்தர ஆட்டங்களில். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட். லெஸ்டர்ஷயர், சாமர்செட் ஆகிய இரு கவுன்டி அணிகளையே இந்தியர் வென்றனர். சாமர்செட் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் சதமடித்து ஒரே விக்கெட் வேறுபாட்டில் வெற்றி தேடித் தந்தவர் பாலுவின் தம்பி சிவராம்.

இவ்விரு சகோதரர்களும் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமார் சமூகத்தில் பிறந்தவர்கள். பாலு பூனாவின் வெள்ளையர் கிளப்பில் களம் பராமரிக்கும் பணியாளாக இருந்து, அங்குள்ளவர்களின் மட்டைப் பயிற்சிக்குப் பந்து வீசித் தேர்ந்தவர். இந்து அணியில் சேர்க்கப்பட்ட பின்பும், பூனாவில் தேநீர் இடைவேளையில் அவருக்குக் கட்டடத்துக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில்தான் தேநீர் கொடுத்தார்கள். நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையை அறிந்தவர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. பாலு எறிந்த பந்தைத் தொடலாம், அவர் குடித்த குவளையைத் தொடக்கூடாது என்பதே அந்த ஏற்பாடு.

நாடு திரும்பிய அணியில் பாராட்டுக்குரியவராக எஞ்சியவர் பாலுவே. பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பளித்தனர். எனினும் இந்து அணியின் தலைமைப் பதவி இறுதிவரை அவருக்கு வழங்கப்படவில்லை. அப்பதவி 1923இல்தான் அக்குடும்பத்துக்கு வந்தது, இன்னொரு தம்பி விட்டல் மூலமாக. அவ்வாண்டு இந்து அணி கோப்பையை வென்றது.

பாலுவின் பிற்கால அரசியல் நமக்கு வேறொரு சிக்கலை முன்வைக்கிறது. 1932இல் தமிழகத்தின் எம். சி. ராஜாவைப் போல அவரும் கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். எழுச்சிக்கு அடையாளமாக விளங்கிய ஒருவர் எழுச்சியின் தலைவரையே எதிர்த்து நிறுத்தப்பட்டார். அவரை நிறுத்தியவர்களின் கணக்கு எதுவாயினும், பாலுவைத் துரோகி என்றோ அப்பாவி என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது.

கிரிக்கெட்டைச் சமூக வரலாறாக வாசிக்கும் நூல்கள் ஆங்கிலத்தில் வந்துள்ளன. ராமச்சந்திர குஹாவின் நூல் 2002இலும் பிரசாந்த் கிடம்பியின் நூல் 2019இலும் வெளியாயின. தமிழில் விளையாட்டு இன்னமும் பொழுதுபோக்குப் பக்கத்துச் செய்தியாகவே பார்க்கப்படுகிறது. பாலுவின் 114 விக்கெட்டுகளையும் அந்த மண் குவளையையும் ஒரே பக்கத்தில் எழுதும் வரலாறுகள் நமக்குத் தேவை.