சல்யூட் அடிக்கலையா? வண்டியை நிறுத்து!

ஊருக்குப் போயிருந்தப்ப தஞ்சாவூர்லேர்ந்து புதுக்கோட்டைக்கு வாடகை கார்ல போய்க்கிட்டிருந்தேன். டிரைவர் அண்ணன் நல்ல மனுசன், ஆனா கால் மட்டும் ஆக்ஸிலேட்டரை விட்டு எடுக்க மாட்டேங்குறார். எதிர்ல வந்த லாரி ரெண்டு தடவை ஹெட்லைட்டை மினுக்கிட்டுப் போச்சு. உடனே நம்மாளு வேகத்தைக் குறைச்சு அம்பதுக்கு வந்துட்டார். ஒரு கிலோமீட்டர் தாண்டினா புளியமரத்தடியில போலீஸ் வண்டி, ஸ்பீடு கன்னோட.

"பாத்தீங்களா சார், லைட்டு போட்டாரே, அந்த மகராசன் புண்ணியத்துல தப்பிச்சோம்"னார். அதோட நிக்கல. அடுத்து எதிர்ல வந்த நாலஞ்சு வண்டிக்கு இவரும் லைட்டைப் போட்டுக்கிட்டே வந்தார். "நாமளும் நாலு பேருக்கு உதவணும்ல!"

எனக்கும் அப்ப சிரிப்புதான். வேகம் மறுபடி நூறைத் தொட்டுச்சு. அடுத்த ஊர்ல ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு சைக்கிளோட ரோட்டுக்குள்ள வந்துச்சு. அண்ணன் போட்ட பிரேக்குல என் நெத்தி முன்சீட்டுல இடிச்சுது. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. திரும்பிப் பாத்துட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. எனக்குத்தான் புதுக்கோட்டை வர்ற வரைக்கும் பேச்சு வரல.

இந்த லைட்டு போடுற சமாச்சாரம் உதவியா, குற்றமா? வீட்டுக்கு வந்து தேடினா, இங்கிலாந்துக்காரங்க இந்தக் கேள்வியை வச்சுக்கிட்டு நூறு வருசத்துக்கும் மேல கோர்ட்டுக்கு நடந்திருக்காங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொசுவத்தி சுத்துவோம், வாங்க.

1896 ஜனவரி. கென்ட் பகுதியில வால்டர் அர்னால்டுன்னு ஒருத்தர் கார்ல போறார். அந்தக் காலத்துல ஊருக்குள்ள அனுமதிச்ச வேகம் மணிக்கு 2 மைல். இவர் போனது 8 மைல். ஒரு போலீஸ்காரர் சைக்கிள்ல துரத்திப் பிடிச்சார். வேகத்துக்காகப் போட்ட அபராதம் ஒரு ஷில்லிங். (சைக்கிளே ஜெயிச்சிருக்குன்னா காரோட லட்சணத்தைப் பாத்துக்கோங்க :-))

1904-லேர்ந்து புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. கார்களுக்கு நம்பர் பிளேட், டிரைவருக்கு லைசென்ஸ், அதிகபட்ச வேகம் 20 மைல். மீறினா முதல் தடவை 10 பவுண்டு வரைக்கும் அபராதம், மறுபடி மாட்டினா இன்னும் அதிகம். பண்ணைக் கூலிக்கு வாரம் ஒரு பவுண்டு கூட வராத காலம் அது. ஆனா கார் வச்சிருந்தவங்க பூராவும் பணக்காரங்க. அவங்களுக்கு அபராதத்தை விட, புதருக்குள்ள ஒளிஞ்சிருந்து ஒரு கான்ஸ்டபிள் தன்னைப் பிடிக்கிறதுதான் பெரிய அவமானமாத் தெரிஞ்சுது.

ஆமா, நெசமாவே புதருக்குள்ளதான். ரோட்டுல 220 கெஜம் (200 மீட்டர் சொச்சம்) அளந்து வச்சுக்குவாங்க. இந்தக் கோடியில ஒருத்தர், அந்தக் கோடியில ஒருத்தர், கையில ஸ்டாப் வாட்ச். 20 மைல் வேகத்துல அந்தத் தூரத்தைக் கடக்க 22.5 விநாடி ஆகும். அதுக்கு முன்னாடியே கடந்துட்டா மாட்டுனான். வாட்ச்சை ஒரு விநாடி தப்பா அமுக்கினாலே கணக்கு கிட்டத்தட்ட ஒரு மைல் மாறிடும். ஜனங்க நடமாடுற ஊருக்குள்ள நிக்காம, ஆளில்லாத நேர்ரோட்டுல வந்து ஒளிஞ்சு நின்னு வசூல் பண்றாங்கன்னு கார்க்காரங்க கொதிச்சாங்க. அந்தக் கோபத்துல நியாயமும் இருந்துச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

1905-ல இவங்க கண்டுபிடிச்ச 'கருவி' என்ன தெரியுமா? சைக்கிள்! லண்டன்-பிரைட்டன் ரோட்டுல சைக்கிள் ஓட்டுற ஆளுங்களைச் சம்பளத்துக்கு வச்சு, போலீஸ் எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாத்து முன்கூட்டியே கார்க்காரங்களுக்குச் சைகை காட்டச் சொன்னாங்க. அந்த வருசம் ஜூன் 29-ம் தேதி, லண்டன் ட்ரோகடேரோ உணவகத்துல கூடி இதுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதுதான் ஆட்டோமொபைல் அசோசியேஷன். இன்னைக்கும் பிரிட்டன்ல வண்டி நடுரோட்டுல நின்னா ஓடி வர்ற அதே ஏஏ-தான். போலீஸ்கிட்டேர்ந்து தப்பிக்கப் பிறந்த சங்கம்னா நம்ப முடியுதா?

போலீஸ் சும்மா இருக்குமா? கடமையைச் செய்ய விடாம தடுத்தான்னு எச்சரிக்கை கொடுக்குறவங்க மேல வழக்குப் போட்டாங்க. ரெண்டு வழக்கு முக்கியம்.

முதல் வழக்கு பேஸ்டபிள் எதிர் லிட்டில். 1907 சட்டத் தொகுப்புல இருக்கு. எச்சரிக்கை வாங்கின கார்கள் அந்த நேரத்துல வேகமாப் போனதுக்கு ஆதாரமே இல்ல. குற்றம் செய்யாத ஒருத்தன்கிட்ட 'முன்னாடி போலீஸ் இருக்கு'ன்னு சொன்னா அது எப்படித் தடுப்பு ஆகும்னு கேட்டு, ஆளை விட்டுட்டாங்க.

ரெண்டாவது 1909-ல பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ். பெட்ஸ்ங்கிறவர் ஏஏ-வோட சைக்கிள் ஆளு. இந்தத் தடவை கார்கள் ஏற்கெனவே 20 மைலைத் தாண்டி ஓடிக்கிட்டிருந்துச்சு. இவர் சைகை காட்டினதும் வேகம் குறைஞ்சுது. தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டோன் பிரபுவோட அமர்வு சொன்னது, இது குற்றம்தான். நடந்துக்கிட்டிருக்கிற தப்புக்குப் போலீஸ் சாட்சி சேகரிக்கிறதை இவர் கெடுத்திருக்கார்.

கோர்ட்டு இழுத்த கோட்டைக் கவனிச்சீங்களா? தப்பு பண்ணாதேன்னு சொல்றவன் வேற, தப்பு பண்றவனை மாட்டாம காப்பாத்துறவன் வேற. கை அசைப்பு ஒண்ணுதான், நோக்கம் வேற.

இதுக்கப்புறம் ஏஏ பண்ணின வேலையை நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது. வண்டியில ஏஏ பேட்ஜ் இருந்தா அவங்க ஆளு விறைப்பா ஒரு சல்யூட் அடிப்பார். எப்பவாவது அடிக்கலைன்னா, உறுப்பினர் வண்டியை நிறுத்தி 'ஏன்ப்பா அடிக்கல?'ன்னு கேக்கணும். கேட்டா, முன்னாடி போலீஸ் இருக்குன்னு அர்த்தம். சைகை காட்டினாத்தானே குற்றம்? சும்மா நிக்கிறவனை எந்தச் சட்டத்துல உள்ள போடுவீங்க? சல்யூட் அடிக்காததுக்குத் தண்டனை எந்தச் சட்டப் புத்தகத்துலயும் இல்ல. 1960கள் வரைக்கும் இந்தச் சல்யூட் ஓடியிருக்கு.

கொஞ்ச வருசம் தாண்டுவோம். 1930-ல கார்களுக்கு வேக வரம்பையே எடுத்துட்டாங்க. 1934-ல மட்டும் பிரிட்டன் ரோடுகள்ல செத்தவங்க 7,343 பேர். கிட்டத்தட்ட பாதிப் பேர் நடந்து போனவங்க. அடுத்த வருசமே ஊருக்குள்ள 30 மைல்னு வரம்பு திரும்பி வந்துச்சு. அன்னைக்கு இருந்ததை விட வண்டிகள் பல மடங்கு பெருகின பிறகும் சமீப வருசங்கள்ல சாவு ஆண்டுக்கு 1,600, 1,700 கணக்குலதான் இருக்கு. இதுக்கு நல்ல ரோடு, சீட் பெல்ட், ஆஸ்பத்திரின்னு பல காரணம். வேகக் கட்டுப்பாடும் அதுல ஒண்ணு.

1950களோட கடைசியில ஸ்டாப் வாட்ச் போய் ரேடார் வந்துச்சு. பின்னாடியே ரேடாரை மோப்பம் பிடிக்கிற டிடெக்டரும் வந்துச்சு. இதைப் பிடிக்கச் சட்டம்? 1949-ம் வருச வானொலித் தந்திச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தாங்க. அனுமதி இல்லாம அடுத்தவங்களோட 'செய்தி'யை ஒட்டுக்கேட்டான்னு வழக்கு. 1998-ல உயர் நீதிமன்றம், போலீஸ் ரேடார் அலையில செய்தியே கிடையாதுன்னு சொல்லிடுச்சு. டிடெக்டர் தப்பிச்சுது. 2006-ல அதைத் தடை பண்ண நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்தும், அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரல. பிரான்ஸ் இந்த விசயத்துல கறார். 2012-லேர்ந்து அங்க டிடெக்டரோட மாட்டினா 1,500 யூரோ வரைக்கும் அபராதம், லைசென்ஸ்ல 6 புள்ளி காலி. அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலத்துல சாதாரண கார்ல வச்சுக்கலாம், வர்ஜீனியாவுல கூடாது.

ஆனா ஜாமர் கதை வேற. டிடெக்டர் எட்டிப் பாக்குற ஆளுன்னா, ஜாமர் போலீஸ் கண்ணுல மிளகாய்ப்பொடி தூவுற ஆளு. பிரிட்டன்ல சாதாரண வேக மீறலுக்கு 100 பவுண்டு, 3 புள்ளியோட முடிஞ்சுடும். ஜாமரைப் போட்டு லேசர் கருவியைக் குழப்பினா, நீதியின் போக்கைத் திரிச்சதா வழக்கு வரலாம். அதுக்கு உச்சபட்சம் ஆயுள் தண்டனை! 2018-ல நார்த் யார்க்‌ஷயர்ல ஒருத்தர் ஜாமர் மாட்டிக்கிட்டு கேமரா வேனைத் தாண்டுறப்பல்லாம் நடுவிரலைக் காட்டிட்டுப் போயிருக்கார். வேகம் பதிவாகல, விரல் பதிவாயிடுச்சு :-). எட்டு மாசம் ஜெயில்.

லைட்டு போடுறவங்க என்ன ஆனாங்க? 2005-ல, கை காட்டி எச்சரிச்ச ஒரு லாரி டிரைவரை உயர் நீதிமன்றம் விட்டுடுச்சு. எச்சரிக்கை வாங்கினவங்க வேகமாப் போனாங்கங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. அதே 1907 நியாயம். 2011-ல கிரிம்ஸ்பியில ஹெட்லைட் மினுக்கினவருக்கு 175 பவுண்டு அபராதம். கடமையைத் தடுத்தா அங்க 1,000 பவுண்டு வரைக்கும் அபராதமோ ஒரு மாசம் சிறையோ விழலாம். ஆக, நூறு வருசமா கேள்வி மாறவே இல்ல. கருவி மட்டும்தான் சைக்கிள்லேர்ந்து லேசருக்கு வந்திருக்கு.

எனக்கு இதுல உறுத்துறது ஒண்ணுதான். அந்தச் சல்யூட் பேட்ஜ் வச்சிருந்தவங்களுக்கு மட்டும்தான். 1934-ல செத்த அந்தப் பாதிப் பேருகிட்ட காரும் இல்ல, பேட்ஜும் இல்ல. வேகமா ஒரு வண்டி வருதுன்னு அவங்களுக்கு யாரும் கை காட்டல. நம்ம டிரைவர் அண்ணனுக்கும் போலீஸ் இருக்குன்னு சொல்ல ஒரு லாரி வந்துச்சு. அந்தப் பொண்ணு சைக்கிளோட வரப்போகுதுன்னு சொல்ல யாரும் வரல.

இறங்குறப்ப தயங்கித் தயங்கி இதை அவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பாத்துட்டு, "எனக்கும் அந்த வயசுல ஒரு பொண்ணு இருக்கு சார்"னார். அவ்வளவுதான்.

நீங்க லைட்டு போடுற ஆளா? போடுவீங்கன்னா ஏன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. சண்டை போடாம பேசுவோம்.