மாணவர் கையில் சேமிப்புப் புத்தகம்

பணத்தைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத தமிழ்க் குடும்பம் இல்லை. சிறு துளி பெரு வெள்ளம் என்பது நம் தாய்மார் நாவில் எப்போதும் இருக்கும் பழமொழி. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டியிலும் அவர்கள் சேர்த்து வைத்த சிறுவாட்டுப் பணம் எத்தனையோ வீடுகளில் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் வைத்தியச் செலவையும் தாங்கியிருக்கிறது. ஆயினும், சேர்த்த பணத்தை எவரிடம் ஒப்படைப்பது, ஒப்படைத்த பணம் எவ்வாறு வளர்கிறது, சில வேளைகளில் அது ஏன் அழிந்து போகிறது என்னும் கேள்விகளைப் பற்றி நாம் பிள்ளைகளோடு அதிகமாகப் பேசுவதில்லை.

சொந்த ஊரில் வாழ்ந்த காலத்தில் அதற்கு அவசியம் குறைவாக இருந்தது. சீட்டுப் பிடிப்பவர் யார், அவருடைய தகப்பனார் யார், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற குடும்பமா என்பதையெல்லாம் தெருவே அறிந்திருந்தது. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியேறிய நமக்கு அந்தத் தெரு இல்லை. இங்கே நமக்குத் துணையாக இருப்பவை எழுத்தும் சட்டமும் ஸ்தாபனங்களுமே. ஆகவே, இந்த நாட்டில் இளம் பிள்ளைகளின் சேமிப்பு எவ்வாறு ஒரு ஸ்தாபனமாக உருப்பெற்றது என்பதை அறிவது வெறும் பொழுதுபோக்கு அன்று. நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய பாடம் அந்த வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தின் வாயிலாகச் சிக்கனத்தைக் கற்பிக்கும் முயற்சி சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியது. பெல்ஜியம் நாட்டில் கெண்ட் நகரத்துச் சட்டப் பேராசிரியர் பிரான்சுவா லோரான் என்பவர் 1866-ல் அந்நகரப் பள்ளிகளில் மாணவர் சேமிப்பைத் தொடங்கி வைத்தார். இங்கிலாந்தில் 1861-ல் தபால் நிலைய சேமிப்பு பாங்கு ஏற்பட்டது. அதில் ஒரு ஷில்லிங்குக்குக் குறைவாகச் செலுத்த இயலாது. ஏழைச் சிறுவரிடம் ஒரே சமயத்தில் ஒரு ஷில்லிங் ஏது? 1880-ல் தபால் இலாகாவின் தலைவராக இருந்த ஹென்றி பாசெட் அதற்கு ஒரு வழி கண்டார். ஒரு பென்னித் தபால் தலைகளை ஒவ்வொன்றாக ஒரு படிவத்தில் ஒட்டி வரலாம். பன்னிரண்டு சேர்ந்ததும் அப்படிவம் ஒரு ஷில்லிங்காக வரவு வைக்கப்படும். சிறு தொகையை இழிவாக எண்ணாமல் ஏற்றுக்கொள்வதே சேமிப்பு ஸ்தாபனத்தின் முதல் இலக்கணம் என்பதை இந்த ஏற்பாடு உணர்த்திற்று.

இந்தியாவில் அரசாங்க சேமிப்பு பாங்குகள் 1833-ல் கல்கத்தாவிலும், 1834-ல் சென்னையிலும், 1835-ல் பம்பாயிலும் தோன்றின. அவை ராஜதானி நகரங்களோடு நின்றவை. 1870-ல் ஜில்லாக்களிலும் இத்தகைய பாங்குகள் திறக்கப்பட்டன. 1882 ஏப்ரல் முதல் தேதியன்று தபால் நிலைய சேமிப்பு பாங்கு நாடெங்கும் தொடங்கிய பின்னரே சாமானிய மக்களுக்கு அதன் கதவு திறந்தது. நாலணா இருந்தால் போதும், பணம் செலுத்தலாம். கடிதம் போடச் சென்ற அதே இடத்தில், ஊரறிந்த தபால்காரரும் போஸ்ட்மாஸ்டரும் இருக்கும் இடத்தில், காசையும் கொடுத்து வைக்கலாம் என்பது மக்களின் தயக்கத்தை வெகுவாகக் குறைத்தது.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையாக இருந்தது 1873-ஆம் ஆண்டின் அரசாங்க சேமிப்பு பாங்குகள் சட்டம். அதில் மைனர்களைப் பற்றிய ஒரு விதி நம் கவனத்துக்கு உரியது. முந்திய ஆண்டில், அதாவது 1872-ல், இயற்றப்பட்ட ஒப்பந்தச் சட்டம் மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை என்று கூறுகிறது. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903-ல் பிரிவி கவுன்சிலும் தீர்த்துரைத்தது. ஆனால், சேமிப்பு பாங்குச் சட்டமோ, ஒரு மைனர் தாமே செலுத்திய பணத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கலாம் என்றும், அதற்கு அவர் தரும் ரசீதே போதுமானது என்றும் விதித்தது. கடன் வாங்கவும் சொத்தை விற்கவும் தகுதியற்றவன் என்று ஒரு சட்டம் ஒதுக்கிய அதே சிறுவனை, தான் சேர்த்த காசுக்குத் தானே உடையவன் என்று மற்றொரு சட்டம் ஏற்றுக்கொண்டது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. பிறர் விரிக்கும் வலையிலிருந்து சிறுவனைக் காப்பது முதற்சட்டத்தின் நோக்கம். அவனிடம் பொறுப்பை வளர்ப்பது இரண்டாவதன் பயன். காப்பும் பொறுப்பும் ஒருங்கே வேண்டும் என்பதே இன்றும் பெற்றோர் மனத்தில் கொள்ளத்தக்க நெறி. அந்தச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்டு, அரசாங்க சேமிப்பு மேம்பாட்டுச் சட்டம் என்னும் பெயரில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஊர் விட்டு ஊர் சென்று உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தபால் நிலையப் பாஸ் புத்தகம் தனிப்பட்ட வகையில் உதவிற்று. கணக்கை ஒரு தபால் நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றல் உத்தரவு வந்த குமாஸ்தா தம் பெட்டி படுக்கையோடு சேமிப்பையும் எடுத்துச் செல்ல முடிந்தது. மொழி தெரியாத ஊரில் புதிதாக ஒருவரை நம்ப வேண்டிய கட்டாயம் ஏற்படவில்லை.

நம்பிக்கை எத்துணை அருமையானது என்பதைச் சென்னை மக்களுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 1906-ல் நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, நகரின் பெயர்பெற்ற வாணிக நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி கதவை மூடிற்று. பொதுமக்களிடமிருந்து டெபாசிட்டுகள் பெற்றுவந்த நிறுவனம் அது. ஓய்வு பெற்றவர்களும் விதவைகளும் உத்தியோகஸ்தர்களும் வாழ்நாள் சேமிப்பை அங்கே கட்டியிருந்தனர். அவர்களில் எவரும் ஊதாரி அல்லர். சிக்கனமாக வாழ்ந்து சேர்த்தவர்களே. தங்கள் பணத்தைக் கொண்டு கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்கும் வழக்கமும், கேட்டால் விடை பெறும் உரிமையும் அவர்களுக்கு இல்லாதிருந்தன. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் விசாரிக்கப்பட்டுச் சிறைத்தண்டனை அடைந்தார். தண்டனையால் டெபாசிட்தாரர்களின் இழப்பு ஈடாகவில்லை. அந்தத் துயரத்திலிருந்தே, வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்ற பெரியோர்களின் முயற்சியால், 1907-ல் இந்தியன் பாங்கு பிறந்தது.

1913-ல் லாகூரின் பீப்பிள்ஸ் பாங்கு முறிந்தது. தொடர்ந்து வேறு பல பாங்குகளும் வீழ்ந்தன. 1914-ல் உலக யுத்தம் மூண்டபோது தபால் நிலையங்களிலும் மக்கள் திரண்டு பெருந்தொகைகளைத் திரும்பப் பெற்றனர். கேட்டவர்க்கெல்லாம் பணம் கிடைத்தது, பீதி தணிந்தது. பெயரும் கட்டடமும் கண்டு பணம் கொடுத்தவர் ஒருபுறம் ஏமாந்தனர். அரசாங்கத்தின் பொறுப்பைக் கண்டு கொடுத்தவர் மறுபுறம் பிழைத்தனர்.

சுதந்திரத்துக்குப் பின், 1948-ல் தேசிய சேமிப்புக்கென ஓர் அமைப்பு ஏற்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு மக்களின் சிறு சேமிப்பும் ஓர் ஆதாரமாகக் கருதப்பட்டது. இந்த இயக்கத்தின் கிளையாகப் பள்ளிகளில் சஞ்சயிகா என்னும் மாணவர் சேமிப்பு பாங்குகள் தோன்றின. இவற்றின் சிறப்பு, மாணவர்களே பாங்கை நடத்தியதாகும். ஒரு மாணவன் காசு வாங்குவான். மற்றொருவன் கணக்கு எழுதுவான். ஆசிரியர் மேற்பார்வை செய்வார். ஒவ்வொருவரிடமும் சிறிய பாஸ் புத்தகம் இருக்கும். திரண்ட தொகை தபால் நிலையத்தில் செலுத்தப்படும். எட்டணாவைக் கட்டிய சிறுவன் தன் புத்தகத்தில் பதிவைச் சரிபார்க்கும் வழக்கத்தையும், மேஜைக்கு அப்பால் அமர்ந்த சிறுமி பிறர் பணத்துக்குக் கணக்குச் சொல்லும் கடமையையும் கற்றுக்கொண்டனர். இரண்டாவது கல்வி முதலாவதைவிட உயர்ந்தது. பிறர் காசுக்குப் பொறுப்பேற்று ஒரு தடவை கணக்கு நேர் செய்தவர்கள், பின்னாளில் தம் காசை வாங்குபவரிடமும் கணக்குக் கேட்பார்கள். பல பள்ளிகளில் இத்திட்டம் வழக்கொழிந்தது நமக்கு நேர்ந்த நஷ்டமே.

ஆயினும் சஞ்சயிகாவும் பாதிப் பாடத்தையே சொல்லிற்று. சேமிப்பு வேறு, முதலீடு வேறு என்பதை அது கற்பிக்கவில்லை. 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் பாங்கு முறிந்த பின்னர், 1962 ஜனவரி முதல் தேதியன்று டெபாசிட் இன்ஷூரன்ஸ் நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு. 2020 முதல் அது 5 லட்சம் ரூபாய். பாங்கு டெபாசிட்டுக்கு உள்ள இந்தக் காப்பு பங்குகளுக்கோ யூனிட்டுகளுக்கோ கிடையாது. 1964-ல் யூனிட் டிரஸ்ட் தன் முதல் திட்டத்தை வெளியிட்டபோது, லட்சக்கணக்கான குடும்பங்கள் அதைத் தபால் நிலையச் சேமிப்புக்கு நிகராகக் கருதிப் பணம் போட்டன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி பங்குகளில் இருந்தது. 2001 ஜூலையில் அத்திட்டத்தின் யூனிட்டுகளை விற்பதும் திரும்ப வாங்குவதும் ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டபோது, பலர் முதன்முறையாக இந்த வேற்றுமையை அறிந்தனர். பாடத்தைப் பள்ளியில் கற்காதவர்கள் நஷ்டத்தில் கற்றார்கள்.

இன்றைய மாணவர்க்கு வாயில்கள் பல. பத்து வயது நிரம்பியவர் தம் பெயரில் தபால் நிலையக் கணக்கைத் தொடங்கித் தாமே நடத்தலாம். பாங்குகளும் இவ்வாறு அனுமதிக்கலாம் என ரிசர்வ் பாங்கு 2014-ல் அறிவித்தது. 2025-ல் அவ்விதிகள் மீண்டும் தொகுக்கப்பட்டன. தொகைக்கு வரம்பு விதிப்பது பாங்கின் பொறுப்பு. பங்குகளையோ மியூச்சுவல் பண்டு யூனிட்டுகளையோ பதினெட்டு வயது நிரம்பும் வரை கார்டியன் மூலமாகவே வைத்திருக்க முடியும். பதினெட்டாம் பிறந்த நாளன்று அந்த வேலி நீங்குகிறது. கைப்பேசி வழியே சூதுக்கு ஒப்பான வியாபாரமும் எட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. பங்குச் சந்தையின் எதிர்கால பேரங்களில் மூன்று ஆண்டுகளில் ஈடுபட்ட தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர் என்று செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆகவே, பதின்மூன்று முதல் பதினெட்டு வரையிலான ஐந்து ஆண்டுகளே நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

அந்த ஐந்து ஆண்டுகளில் என்ன கற்பிக்கலாம்? முதலாவது, கணக்கு. மாதம் 100 ரூபாய் வீதம் அறுபது மாதம் கட்டினால் கட்டியது 6,000 ரூபாய். நூற்றுக்கு 6 வட்டி விகிதத்தில் அது ஏறத்தாழ 7,000 ரூபாயாகிறது. 72 என்ற எண்ணை வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிக்கும் ஆண்டுகள் உத்தேசமாகத் தெரியும். 6 வட்டிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். ஆகவே, பதினெட்டு வயதில் கையில் உள்ள 7,000 முப்பது வயதில் 14,000 ஆகும். இரண்டாவது, விலைவாசி. பொருள்களின் விலையும் அதே விகிதத்தில் உயர்ந்தால், அந்த 14,000 ரூபாய் பழைய 7,000 ரூபாய் வாங்கியதையே வாங்கும். எனவேதான் நீண்ட காலத் தேவைக்கு ஒரு பகுதியை வளர்ச்சியுள்ள முதலீட்டில் இடுகிறோம். அவசரத் தேவைக்கான பணத்தை அங்கே இடுவதில்லை. மூன்றாவது, விசாரணை. மாதம் நூற்றுக்கு 3 தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஆண்டுக்கு 36. இரண்டே ஆண்டில் பணம் இரட்டிக்க வேண்டும். எந்தத் தொழிலில் அது கிடைக்கும் என்று பிள்ளையையே கேட்கச் சொல்லலாம். பணத்தை வாங்குபவர் யார், எந்தச் சட்டத்தின்கீழ் வாங்குகிறார், அவர் தவறினால் நமக்குப் பொறுப்பு யார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை இல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் இச்சொற்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். வீட்டில் பெற்றோர் தமிழில் பேசுகிறார்கள். வட்டி, தவணை, முதிர்வு, வாரிசு நியமனம் என்னும் சொற்களின் பொருளைப் படிவத்தை எதிரில் வைத்துக்கொண்டு தமிழில் விளக்கினால், பாட்டியும் பேரனும் ஒரே கணக்கைப் புரிந்துகொள்வார்கள். பாட்டியின் சிறுவாட்டு அனுபவத்தில் உள்ள எச்சரிக்கை பேரனுக்கும் கிட்டும்.

நாலணாவை ஏற்றுக்கொண்ட சட்டம் ஒரு சிறுவனின் ரசீதையும் மதித்தது. நாமும் நம் பிள்ளைகளிடம் அந்த மதிப்பைக் காட்டலாம். அவர்கள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்து, மாதம் ஒருமுறை அவர்களோடு அமர்ந்து அந்தப் புத்தகத்தை வரி வரியாகப் படிப்போமாக.