மாத்தளையில் பூனை வளர்ப்பு: ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளையின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் அலுவிகாரையைச் சொல்வர். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைச் சொல்வர். கோப்பித் தோட்டங்களைச் சொல்வர். அடுப்படியிலும் அரிசி மூட்டையருகிலும் ஓசையின்றி நடமாடும் பூனையைச் சொல்வோர் அரியர். பூனைக்கு என்ன உணவிடுவது, சோறிட்டால் அது எலி பிடிக்குமா, கடித்துவிட்டால் என்ன செய்வது என்று வீடுதோறும் எழும் வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும் அவற்றுட் சில உயிரோடு தொடர்புடையன. அவ்வினாக்களை இம்மாவட்டத்தின் பழைய கதையோடு சேர்த்து நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

நம் வீட்டுப் பூனை இம்மண்ணிற் பிறந்த இனமன்று. ஆபிரிக்காவின் வடபகுதியிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனையே அதன் மூதாதை என மரபணு ஆராய்ச்சி காட்டியுள்ளது. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முன் ஒரு மனிதனுக்கு அருகே பூனையொன்றும் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. தமிழகத்தோடும் இலங்கையோடும் வாணிபஞ் செய்த எகிப்தின் பெரனீக்கேத் துறைமுகத்தில், கழுத்துப்பட்டை அணிந்த பூனைகளின் புதைகுழிகள் வெளிப்பட்டுள்ளன. நம் பழந்தமிழர் அறிந்த ‘வெருகு’ காட்டிலிருந்து வந்து மனைக்கோழியைக் கவர்வது, வேறு இனம். அதன் இளமைப் பெயர் ‘குட்டி’ என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. அச்சொல்லைத்தான் நாம் இன்றும் வழங்குகின்றோம்.

மாத்தளை நகருக்கு வடக்கே தம்புள்ளை வீதியில் உள்ள அலுவிகாரைக் குகைகளில், கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பாளித் திருமறைகள் ஏட்டில் எழுதப்பெற்றன என்பது மரபு. பஞ்சத்தாலும் போராலும் துறவிகள் அருகிப்போக, மனப்பாடத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாதென அஞ்சியே எழுதினர். ஏடுகளுக்குப் பூசும் எண்ணெய் பூச்சியிலிருந்து அவற்றைக் காத்தது. தீயிலிருந்து காக்க இயலவில்லை. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்தில் அங்கிருந்த ஏட்டுச்சுவடிகள் அழிந்தன.

அக்காலத்திலேயே மலைச்சரிவுகளில் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது. அது கோப்பிக்கும் எலிக்கும் இடையே நிகழ்ந்த போர். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற், 1861இல் வெளியிட்ட தமது உயிரின நூலில் கோப்பியெலியை விரிவாக எழுதியுள்ளார். காட்டு மரங்களின் வேரிடையே கூடு கட்டி, நெலுச்செடியின் விதையைத் தின்று வாழும் எலி அது. நெலு பல ஆண்டுகட்கு ஒருமுறையே பூத்துக் காய்த்து மடியும் செடி. விதை மலிந்த காலத்திற் பெருகிய எலிக்கூட்டம், விதை ஒழிந்ததும் கோப்பித் தோட்டத்தின்மேற் படையெடுத்தது. தன் பாரத்தைத் தாங்காத மெல்லிய கிளைகளைக் கத்தியால் வெட்டியதுபோற் கத்தரித்து நிலத்தில் வீழ்த்தி, மொட்டையும் பூவையும் தின்றது. ஒரே தோட்டத்தில் ஒரு நாளில் ஆயிரம் எலிகள் கொல்லப்பட்டதுண்டு என்கிறார் டெனன்ற். தென்னிந்தியத் தொழிலாளர் அவ்வெலியைத் தேங்காயெண்ணெயிற் பொரித்தும் கறியாக்கியும் உண்டனர் என்றும், எலி மிகுந்த தோட்டங்களையே விரும்பினர் என்றும் அவர் சொல்கின்றார். வியப்பாகச் சொல்கின்றாரேயன்றி, மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்து, வழியிற் பசியாலும் பேதியாலும் பலரை இழந்த மக்கள் எலியிறைச்சியை ஏன் நாடினர் என்பதை அவர் சிந்தித்ததாகத் தோன்றவில்லை.

அத்தொழிலாளருக்குத் தோட்டம் கொடுத்த அரிசி இந்தியாவிலிருந்து வந்தது. அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. ஆகவே லயத்து அறையில் எலி தின்ற அரிசி உழைப்பாளியின் கூலியேயாகும். காவலுக்கு ஒரு பூனை இருந்தால் இலாபம். இன்றுங் கேட்கப்படும் முதல் வினாவும் இதைப் பற்றியதே: சோறிட்டு வளர்த்த பூனை எலி பிடிக்குமா? பட்டினி கிடந்தாற்றான் பிடிக்கும் என்ற நம்பிக்கை நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அது சரியன்று. வேட்டையாடும் உந்துதல் பசியிலிருந்து வேறானது. வயிறு நிறைந்த பூனையும் எலியைக் கண்டாற் பாயும். பட்டினிப் பூனையோ உணவு தேடி அயல்வீட்டுக்குப் போய்விடும். அன்றியும், பூனை சுண்டெலியையும் எலிக்குஞ்சையும் எளிதிற் பிடிக்குமேயன்றி, முற்றிய பெருச்சாளியோடு மோத விரும்பாது. 2008இல் எலிக்காய்ச்சல் இலங்கையில் 7,000 பேருக்கு மேற் பற்றியபோது மாத்தளை மிகுதியாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் ஒன்று. அத்தகைய நோய்க்குப் பூனையை மட்டும் காவலாக நம்புதல் தகாது.

உணவைப் பற்றி இரண்டொரு சொல். பாலுஞ் சோறும் பூனைக்குப் போதா. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரியாது, வயிற்றோட்டம் உண்டாகும். இறைச்சியிலும் மீனிலும் உள்ள ‘தோரீன்’ என்னும் சத்தின்றேல் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975இலும், இதயம் தளரும் என்பது 1987இலும் நிறுவப்பட்டன. சைவ உணவு உண்ணும் வீட்டார் இதனைக் கருதவேண்டும். பூனைக்கு விரதம் இல்லை. மற்றொன்று, காய்ச்சலெனக் கருதிப் பனடோல் வில்லையைப் பொடித்துக் கொடுப்பது. பூனையின் ஈரல் அம்மருந்தை முறிக்க வல்லதன்று. ஒரே வில்லை உயிரைப் போக்கலாம். எலி நஞ்சு வைத்தால், நஞ்சுண்ட எலியைத் தின்று பூனையும் மாளலாம்.

இனி, மிகவும் அஞ்சத்தக்கது விசர்நோய். 1893இலேயே இலங்கையில் அதற்கெனக் கட்டளைச்சட்டம் பிறந்தது. மக்களின் கண் என்றும் நாயின்மேலேயே இருந்தது. 1973இல் 377 பேர் இந்நோயால் இறந்தனர். தடுப்பூசி பரவியபின் அத்தொகை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்கிற்று. எஞ்சியவற்றுள் நாய்க்கு அடுத்தபடி பூனையே காரணமாகின்றது. நாய்க்கு ஊசி போட்ட வீட்டிலும் பூனையை மறந்துவிடுகின்றனர். கடித்தாலும் கீறினாலும் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மஞ்சள் தடவிக் காத்திருத்தல் ஆபத்து. நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது பெரும்பாலும் இல்லை. கடித்த பூனையை அடித்துக் கொல்லாமல் அடைத்து வைத்து, வைத்தியர் சொன்னபடி 14 நாள் கவனித்தல் நன்று. ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்தால் இந்தக் கலக்கம் குறையும்.

கடைசியாக ஒரு வினா, தும்பறை மலையடிவாரத் தோட்டங்களுக்கே உரியது. தேயிலைச் செடியின் கீழ்ச் சிறு புள்ளிகளுடன் கூடிய குட்டிகளைக் கண்டால் வீட்டுக்கு எடுத்து வரலாமா? அவை சிங்களத்திற் ‘கொல திவியா’ எனப்படும் துருப்புள்ளிப் பூனையின் குட்டிகளாயிருத்தல் கூடும். முற்றிய வயதிலும் ஒன்றரைக் கிலோ அளவே நிறையுள்ள அப்பூனை, உலகின் மிகச் சிறிய காட்டுப்பூனைகளுள் ஒன்று; சட்டப் பாதுகாப்பும் பெற்றது. வீட்டில் நெடுநாள் தங்காது. குட்டிகளைத் தொடாமல், அந்த நிரையில் அன்று கொழுந்து கொய்வதை நிறுத்தி விலகிவிட்டால், இருட்டியபின் தாய் வந்து அவற்றை வாயிற் கவ்விக் கொண்டுபோகும்.